தொலைந்தவரும் தொலைத்தவரும்

அறுவைச் சிகிச்சை குறித்த ஆய்வுக் கட்டுரைகளின் அட்டவணைகளில், பெரும்பாலும் கடைசி வரிசையில், ஓர் எண் ஒதுங்கி நிற்கும். 'பின்தொடர்வில் தொலைந்தவர்கள்' என்பது அவ்வரிசையின் தலைப்பு. ஆங்கிலத்தில் நிலைபெற்றுவிட்ட ஒரு கலைச்சொல்லின் நேர்த் தமிழ் அது. சிகிச்சை பெற்றார்கள், வீடு திரும்பினார்கள், அதன்பின் அவர்களைப் பற்றிய செய்தி இல்லை என்பது அதன் பொருள். இத்தொடரின் வினையைத் தமிழ் இலக்கணத்தின் வழி நோக்கினால் ஒன்று புலப்படும். 'தொலைந்தார்' தன்வினை, செயல் தொலைந்தவரிடமே தொடங்கி அவரிடமே முடிகிறது. 'தொலைத்தார்' பிறவினை, அதற்கு எழுவாயாக வேறொருவர் வந்தாக வேண்டும். மெல்லொற்று வல்லொற்றாகும் அந்த ஓரிடத்தில் பொறுப்பு கைமாறிவிடுகிறது. மருத்துவ ஆய்வுலகம் தன்வினையைத் தேர்ந்துகொண்டது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. குடலடைப்போடு வரும் பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் நெடுநாள் வாழ்வு என்னவாகிறது என்ற கேள்விக்கு இந்தியாவில் உறுதியான விடை சொல்ல முடியாமல் இருப்பதற்கும், அந்த விடை பலருக்குச் சாதகமாக அமையாமல் போவதற்கும், காரணம் ஒன்றே. அறுவை நடந்த இரவுக்குக் கிடைக்கும் கவனத்தில் ஒரு சிறு பங்குகூட அதற்குப் பிந்தைய ஐந்தாண்டுகளுக்குக் கிடைப்பதில்லை.

முதலில் அந்த இரவைப் பார்க்கலாம். பெருங்குடலில் வளரும் கட்டி உட்குழாயை மெல்ல மெல்லச் சுருக்குகிறது. மலச்சிக்கல், வயிற்று உப்பசம், இடைவிட்டு வரும் வலி என அது தரும் அறிகுறிகள் யாவும் அன்றாட வாழ்வில் எவருக்கும் வரக்கூடியவை. மூலம் என்றும் வாயு என்றும் மாதங்கள் கழிகின்றன. ஒருநாள் மலமும் காற்றும் முற்றாக நின்றுவிடுகின்றன. பெருங்குடல் புற்றுநோயாளர்களில் 15 முதல் 30 விழுக்காட்டினர் இந்நிலையிலேயே மருத்துவமனையை அடைகிறார்கள் என்று பன்னாட்டு வழிகாட்டு நெறிகள் குறிக்கின்றன. அடைப்பு ஏற்படும் இடங்களில் நான்கில் மூன்று இடப்பக்கப் பெருங்குடலில் உள்ளவை. சிறுகுடலுக்கும் பெருங்குடலுக்கும் இடையிலான தடுப்பிதழ் உறுதியாக மூடியிருந்தால் பெருங்குடல் இருபுறமும் அடைபட்ட பையாகிறது. அதன் தொடக்கப் பகுதியான சீக்கம் ஊதி, 10 முதல் 12 சென்டிமீட்டர் விட்டத்தைத் தாண்டும்போது வெடிக்கும் நிலைக்கு வருகிறது. அப்போது அறுவை மருத்துவர் முன்னிருக்கும் முதல் கேள்வி உயிரைப் பற்றியது. புற்றுநோய் அதற்கு அடுத்த கேள்வி.

வலப்பக்கக் கட்டியாயின் அப்பகுதியை நீக்கிச் சிறுகுடலைப் பெருங்குடலோடு இணைப்பது பெரும்பாலும் இயலும். இடப்பக்கமாயின் வழிகள் பல. பிரெஞ்சு மருத்துவர் ஆன்றி ஆர்ட்மன் 1921-இல் விவரித்த முறையில் கட்டியுள்ள பகுதியை நீக்கி, மேல்முனையை வயிற்றுச் சுவரில் துளையாகத் திறந்து, கீழ்முனையை மூடிவிடுவார்கள். மலம் வயிற்றில் ஒட்டிய பையில் சேரும். குடலை அறுவை மேசையிலேயே கழுவி உடனே இணைப்பது, பெருங்குடலின் பெரும்பகுதியை நீக்கி இணைப்பது, முதலில் துளை மட்டும் வைத்துவிட்டுப் பின்னர் கட்டியை நீக்குவது, உலோக ஸ்டென்ட் வைத்து அடைப்பைத் திறந்து சில வாரங்கள் கழித்துத் திட்டமிட்டு அறுவை செய்வது ஆகியவை மற்ற வழிகள்.

எது சிறந்தது என்ற விவாதம் நூறாண்டாக நடக்கிறது. பிரிட்டனில் நடந்த ஸ்கோஷியா ஆய்வு 1995-இல் வெளிவந்தது. பெருங்குடலின் பெரும்பகுதியை நீக்குவதையும், கழுவி இணைப்பதையும் அது 91 பேரிடம் ஒப்பிட்டது. இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் பெரும்பகுதியை இழந்தவர்கள் நாளில் பலமுறை மலம் கழிக்கும் துன்பத்தோடு வாழ்ந்தார்கள். ஸ்டென்ட் குறித்த கிரெஸ்ட் ஆய்வின் முடிவு 2022-இல் வந்தது. வயிற்றுத் துளை வைக்கும் தேவையை ஸ்டென்ட் குறைத்தது. மூன்றாண்டுகளில் நோய் திரும்புவதிலோ உயிர்வாழ்விலோ பெரிய வேறுபாடு தென்படவில்லை. குணப்படுத்தக்கூடிய நோயாளிக்கு ஸ்டென்டை வழக்கமாகப் பரிந்துரைக்க முடியாது என்று 2014-இல் சொன்ன ஐரோப்பிய எண்டோஸ்கோபிச் சங்கம், 2020-இல் அதை நோயாளியோடு கலந்து பேசி முடிவெடுக்கத்தக்க ஒரு வழி என்று திருத்திக்கொண்டது.

இந்த விவாதத்தின் மதிப்பைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் அதிலிருந்து தெரிய வரும் உண்மை ஒன்று உண்டு. தேர்ந்த கைகளில் செய்யப்படும் இம்முறைகளுக்கு இடையே துளையில், தொற்றில், படுக்கை நாட்களில் வேறுபாடுகள் இருக்கின்றன. ஐந்தாண்டுக்குப் பின் யார் உயிரோடிருக்கிறார் என்பதில் அவ்வளவு வேறுபாடு இல்லை. அப்படியானால் அந்த ஐந்தாண்டுகளைத் தீர்மானிப்பவை எவை?

முதலாவது, நோய் எந்தக் கட்டத்தில் பிடிபட்டது என்பது. அவசர அறுவைக்கு ஆளாவோரிடம் முற்றிய நோயே மிகுதி. திட்டமிட்ட அறுவையைவிட முதல் சில வாரங்களின் இறப்பும் பன்மடங்கு கூடுதல். இவை இரண்டும் அந்த இரவுக்கு முன்பே பெரும்பாலும் முடிவானவை. மற்றவை யாவும் அந்த இரவுக்குப் பின் நடப்பவை. நிணநீர் முடிச்சுகளில் நோய் பரவியிருந்தால் கீமோதெரபி வேண்டும். பரவாத இரண்டாம் கட்ட நோயிலும், அடைப்போடு வந்தது என்பதே மீண்டும் நோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. அவர்களுக்கும் கீமோதெரபி குறித்து எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்குக் குறைந்தது 12 நிணநீர் முடிச்சுகளாவது நோய்க்குறியியல் ஆய்வில் எண்ணப்பட்டிருக்க வேண்டும். கீமோதெரபி தொடங்குவது ஒவ்வொரு நான்கு வாரமும் தள்ளிப்போகும்போது இறப்பு வாய்ப்பு ஏறத்தாழ 14 விழுக்காடு கூடுகிறது என்று 2011-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு காட்டியது. ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தொடங்குவது நல்லது என்பது பொதுக்கருத்து.

அடுத்தது, பலரும் மறந்துவிடும் ஒரு சோதனை. கட்டி வழியை அடைத்திருப்பதால் அறுவைக்கு முன் கொலோனோஸ்கோபி முழுமையாகச் செய்ய இயலாது. அடைப்புக்கு அப்பால் இன்னொரு கட்டி இருக்கலாம். பெருங்குடல் புற்றுநோயாளர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேருக்கு அப்படி இருப்பதுண்டு. ஆகவே அறுவைக்குப் பின் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் எஞ்சிய குடலை முழுமையாகப் பார்த்தாக வேண்டும். பின்னர் சி.இ.ஏ. எனும் இரத்தச் சோதனை முதல் இரண்டாண்டுகள் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறையும், ஐந்தாம் ஆண்டு வரை ஆறு மாதங்களுக்கு ஒருமுறையும் வேண்டும். இடையிடையே சி.டி. ஸ்கேன் வேண்டும். மீண்டும் வரும் நோயில் பத்தில் எட்டு பங்கு முதல் மூன்றாண்டுகளில் வந்துவிடுகிறது. கல்லீரலில் அது சிறிதாக இருக்கும்போதே கண்டறிந்தால், மறு அறுவையால் சிலரைக் குணப்படுத்தவும் முடிகிறது.

மூன்றாவது, வயிற்றில் இருக்கும் துளை. நோயாளியிடம் சொல்லப்படும் சொல் 'தற்காலிகம்'. மறு அறுவை செய்து குடலை இணைக்கும் நாள் வராமலே பலருக்குத் துளை நிலைத்துவிடுகிறது. கீமோதெரபி முடியட்டும் என்று ஒரு காரணம், உடல் தேறட்டும் என்று ஒரு காரணம், தேதி கிடைக்கவில்லை என்று ஒரு காரணம். தரையில் அமர்ந்து உண்ணும் வீட்டில், கூட்டம் நெரியும் பேருந்தில், நாட்கூலி வேலையில், பை கசியும் அச்சத்தோடு வாழ்கிற ஒருவருக்கு அது நெடுநாள் விளைவே. ஆய்வுக் கட்டுரையின் அட்டவணையில் அவர் உயிரோடிருப்பவர், அவ்வளவே.

இப்படிப் பட்டியலிட்டால் தெரிவது, நெடுநாள் விளைவு என்பது அறுவை அரங்கிலிருந்து நோயாளி கொண்டுபோகும் ஒரு பொருள் அன்று என்பதே. மாதந்தோறும், ஆண்டுதோறும், மருத்துவமனையும் நோயாளியும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலைகளின் தொகை அது. அவர்களுக்கு இடையிலான தொடர்பு அறுந்தால் விளைவும் அறுகிறது.

இந்தியாவில் அத்தொடர்பு எளிதில் அறுகிறது. 2018-இல் வெளியான கான்கார்ட்-3 எனும் பன்னாட்டு ஆய்வில், 2010 முதல் 2014 வரை நோய் கண்டறியப்பட்ட பெருங்குடல் புற்றுநோயாளர்களின் ஐந்தாண்டு உயிர்வாழ்வு தென்கொரியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 70 விழுக்காட்டைத் தாண்டியது. இந்தியாவுக்குக் கிடைத்த மதிப்பு 40 விழுக்காட்டை ஒட்டியது. அதுவும் சில பதிவேடுகளின் தரவிலிருந்து மட்டுமே பெறப்பட்டது. நோய் முற்றிய பின் வருவது அதற்கு முதற்காரணம். வந்தவர்கள் மீண்டும் வர இயலாமல் போவதும் ஒரு காரணம். பஞ்சாபின் பதிண்டாவிலிருந்து இராசத்தானின் பீகானேருக்குச் செல்லும் இரவு இரயிலை மக்கள் 'கேன்சர் இரயில்' என்றே அழைக்கும் அளவுக்கு நோயாளிகள் அதில் பயணித்தார்கள். மும்பை பரேலில் டாடா நினைவு மருத்துவமனையைச் சுற்றியுள்ள தரும சாலைகளிலும் நடைபாதைகளிலும் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்கள் தங்குகிறார்கள். ஒரு சி.இ.ஏ. சோதனைக்காக ஆயிரம் கிலோமீட்டரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடப்பது எத்தனை குடும்பங்களால் இயலும்?

அமைப்புகளின் கால அளவும் நோயின் கால அளவும் பொருந்தவில்லை. 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. அது பெரிய உதவி. அறுவையும் கீமோதெரபியும் அதனால் பலருக்குக் கைகூடின. ஆனால் வீடு திரும்பிய பிந்தைய செலவை அது ஏற்பது 15 நாட்களுக்கு. உள்நோயாளியின் மருத்துவ ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்றாண்டு காக்க வேண்டும் என்கிறது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நன்னடத்தை ஒழுங்குமுறை. நான்காம் ஆண்டில் நோய் திரும்பியவரின் முதல் அறுவைக் குறிப்பு எங்கே இருக்கும்? எம்.எஸ். அறுவைச் சிகிச்சைப் படிப்பு மூன்றாண்டு. அதற்குள் ஆய்வேடு எழுதித் தர வேண்டும். தலைப்பு ஒப்புதலும் எழுத்து வேலையும் போக, நோயாளிகளைச் சேர்க்க எஞ்சுவது ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு. ஆகவே 30 நாள் இறப்பு, தையல் பிரிதல், காயத் தொற்று ஆகியவற்றோடு அந்த ஆய்வேடுகள் நின்றுவிடுகின்றன. 15 நாள், ஒன்றரை ஆண்டு, மூன்றாண்டு என்ற இந்த அளவுகளில் எதுவும் ஐந்தாண்டை எட்டவில்லை.

எண்களிலும் ஒரு பொறி உண்டு. உயிர்வாழ்வைக் கணக்கிட உலகெங்கும் பயன்படுவது கப்லானும் மையரும் 1958-இல் வெளியிட்ட முறை. செய்தி அற்றுப்போனவரை, அற்றுப்போன நாள் வரை உயிரோடிருந்தவராகக் கொண்டு கணக்கிலிருந்து விலக்குகிறது அது. அவ்வாறு விலக்கப்பட்டவருக்கும் தொடர்பிலிருப்பவருக்கும் இறப்பு வாய்ப்பு ஒன்றே என்பது அதன் அடிப்படை எடுகோள். வேலை மாறி ஊர் மாறியவர்கள் தொலையும் நாட்டில் அந்த எடுகோள் ஓரளவு பொருந்தலாம். பணம் தீர்ந்தவர், உடல் நலிந்தவர், மருத்துவர் கைவிரித்துவிட்டார் என்று வீட்டிலேயே கிடப்பவர் ஆகியோரே தொலையும் நாட்டில் அது பொருந்தாது. இறந்தவர்கள் கணக்கிலிருந்து விலக, உயிர்வாழ்வு உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரிகிறது. இறப்புப் பதிவேட்டைக் கொண்டு அதைச் சரிபார்க்கவும் எளிய வழியில்லை. பதிவாகும் இறப்புகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கே மருத்துவர் சான்றளித்த காரணம் இருக்கிறது.

இதற்கு அறுவை மருத்துவர்கள் தரும் மறுமொழி நியாயமற்றது அன்று. ஓர் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஒரே இரவில் விபத்தும் குடல்வால் அழற்சியும் குடலடைப்பும் வரிசையில் நிற்கின்றன. குடலடைப்பு என்றாலே அது புற்றுநோயாக இருக்க வேண்டியதுமில்லை. குடல் காசநோயும் வலப்பக்கத்தில் இதே தோற்றத்தைத் தரும் நாடு இது. உயிரைக் காப்பாற்றியவரிடமே ஐந்தாண்டு கடிதப் போக்குவரத்தையும் கேட்பது அறமா? நோயாளிக்கும் தன் உடல்மீது பொறுப்பு இல்லையா?

இரண்டும் ஏற்கத்தக்க கேள்விகளே. ஆனால் அவை தனி மனிதரைப் பற்றியவை. தொலைத்தவர் என்ற பிறவினையின் எழுவாய் தனி மருத்துவர் அல்லர்; அது நிறுவனம். நோயாளியின் பொறுப்பைப் பேசும் முன், அவரிடம் என்ன சொல்லப்பட்டது என்று கேட்க வேண்டும். அவர் கையில் தரப்படும் டிஸ்சார்ஜ் சம்மரி ஆங்கிலத்தில் இருக்கிறது. அதன் கடைசி வரி, புறநோயாளர் பிரிவுக்கு மீண்டும் வருமாறு கூறுகிறது. எதற்காக, எந்த வாரத்துக்குள், வராவிட்டால் என்ன ஆகும் என்பது அதில் இல்லை. போஜ்புரியோ சந்தாலியோ பேசும் ஒருவருக்கு அத்தாள் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரப்படுத்த வேண்டிய ஒரு பொருள். படிக்க வேண்டிய ஒன்று அன்று. பசி எடுக்கிறது, வயிறு உப்பவில்லை, காயம் ஆறிவிட்டது என்றால், நோய் தீர்ந்தது என்று அவர் முடிவு செய்வது அறியாமை அன்று. அவருக்குத் தெரிந்த சான்றுகளின்படி அதுவே சரியான முடிவு. அடைப்பைத் தீர்த்ததும் நோயைத் தீர்த்ததும் வேறு வேறு என்பதை அவர் மொழியில் எவரும் அவருக்குச் சொல்லவில்லை.

செய்யத்தக்கவை அருமையானவை அல்ல. முன்மாதிரியும் இந்த நாட்டிலேயே உண்டு. மகாராட்டிரத்தின் பார்ஷியில் 1987-இல் இந்தியாவின் முதல் ஊரகப் புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கியபோது, நோயாளி தானே வந்து சொல்வார் என்று அது காத்திருக்கவில்லை. களப்பணியாளர்கள் ஊர் ஊராகச் சென்றார்கள். அங்கிருந்து வெளிவந்த உயிர்வாழ்வு ஆய்வுகள் நிற்பது அந்த நடையின்மீதுதான். இன்று அந்த நடையில் பெரும்பகுதியைக் கைப்பேசி செய்துவிடும். அடைப்போடு வந்து அறுவை செய்துகொண்டவர்கள் ஒரு மருத்துவமனையில் ஆண்டுக்குச் சில பத்துப் பேர்தாம் இருப்பார்கள். அவர்களுக்கென்று ஒரு பெயரேடு, நோயாளியுடையதோடு உறவினர் இருவருடைய எண்கள், அழைப்பதற்குப் பெயர் குறிப்பிட்ட ஒரு பணியாளர் ஆகியவை போதும். சி.இ.ஏ. சோதனையை அவரவர் மாவட்டத்திலேயே எடுத்து முடிவை அனுப்பச் சொல்லலாம்.

மருத்துவக் கல்லூரித் துறைகள் செய்யக்கூடியது இன்னொன்று. ஒவ்வோர் ஆண்டும் புதுத் தலைப்பு தேடுவதற்குப் பதிலாக, முன்சென்ற மாணவர் சேர்த்த நோயாளிகளைப் பின்வரும் மாணவர் ஏற்றுத் தொடரலாம். முதலாமவர் 30 நாளை எழுதுவார்; அடுத்தவர் கீமோதெரபி எத்தனை வாரத்தில் தொடங்கியது, எத்தனை பேருக்குக் கொலோனோஸ்கோபி நிறைவேறியது என்று எழுதுவார்; மூன்றாமவர் துளை மூடப்பட்டவர்களையும் நோய் திரும்பியவர்களையும் எழுதுவார். மூன்று ஆய்வேடுகள் சேர்ந்தால் ஐந்தாண்டு ஆகிவிடும். ஆய்விதழ்களின் பதிப்பாசிரியர்கள், தொலைந்தோர் எண்ணிக்கையோடு, அவர்களைத் தேட எடுத்த முயற்சி என்ன, அவர்கள் எல்லாரும் இறந்திருந்தால் முடிவு எவ்வாறு மாறும் என்ற இரண்டையும் எழுதுமாறு கேட்கலாம்.

மொழித்துறைகளுக்கும் இதில் வேலை இருக்கிறது. இந்திய மொழிகள் பலவற்றில் மருத்துவக் கலைச்சொல் அகராதிகள் தொகுக்கப்படுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை மாணவர் மேசையைத் தாண்டுவதில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியின் பின்புறத்தில், நோயாளி பேசும் மொழியில், ஐந்து வரிகள் போதும்: உங்கள் அடைப்பு நீங்கியது, அதற்குக் காரணமான நோய் திரும்பக்கூடும்; இந்தத் தேதிக்குள் கீமோதெரபி பற்றி முடிவு தெரிய வேண்டும்; இந்த மாதத்துக்குள் எஞ்சிய குடலைப் பார்க்க வேண்டும்; இந்த இரத்தச் சோதனை இத்தனை மாதத்துக்கு ஒருமுறை; வயிற்றுத் துளையை மூடுவது பற்றி இந்தத் தேதியில் கேளுங்கள். இவற்றை எழுதுவது எளிது போலத் தோன்றும். எழுத்தறியாத ஒருவருக்கு இன்னொருவர் வாசித்துக் காட்டும்போதும் பிழையின்றிப் புரியுமாறு எழுதிச் சோதித்துப் பார்ப்பது ஒரு நல்ல முனைவர் பட்டத்துக்குரிய ஆய்வு.

அதுவரை அட்டவணையின் அந்தக் கடைசி வரிசை அப்படியே இருக்கும். அதில் நிற்கும் ஒவ்வோர் எண்ணும் ஒருநாள் இரவு வயிறு பிடித்துக்கொண்டு வந்து, யாரோ ஒருவரின் தூக்கம் தொலைந்த உழைப்பால் பிழைத்து, நடந்தே வெளியேறியவர். அவர் எங்கே என்ற கேள்விக்கு 'தொலைந்தார்' என்று எழுதும் கை ஒருகணம் தயங்கி, எழுவாய் யார் என்று கேட்டுக்கொள்ளட்டும்.